ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை வேலை பழக எங்கே அனுப்புவது? (மதுரை)

திருநகர் அம்மா

வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு, தனியார் பள்ளி. காலாண்டு விடுமுறையில் ஐந்து நாள் ஏதாவது ஒரு வேலை நடக்கும் இடத்துக்குப் போய், பார்த்ததை நோட்டில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்தும் சீலும் வாங்கி வர வேண்டுமாம். சர்க்குலர் ஒரே ஒரு தாள்தான். இடத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும். என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் பொறுப்பு என்று ஒன்றும் இல்லை.

என் கொழுந்தனார் ஆடிட்டர். அவர் ஆபீஸிலேயே உட்கார வைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஏசி இருக்கிறது, சாப்பாடும் வீட்டிலிருந்து போய்விடும். மகளுக்கு அது பிடிக்கவில்லை. "சித்தப்பா ஆபீஸ்ல போய் உட்கார்றதுக்கு நான் வீட்லயே இருப்பேன்" என்கிறாள். அவளுக்கு அச்சகம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மெஷின் ஓடுகிற பட்டறை எதையாவது. அவளுக்கு ஜனவரியில்தான் 14 முடிகிறது. இந்த வயதில் அனுப்பலாமா? அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

செல்லூர் சிவா

அக்கா, கையெழுத்தும் சீலும்தானே வேண்டும்? நூறு ரூபாய்க்கு சீல் செய்து தருவார்கள். பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள்.

விளையாட்டு இருக்கட்டும். தனியார் பள்ளிக்கு இது புதுசு. அரசுப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டு தொழிற்கல்விப் பிரிவுப் பிள்ளைகள் பயிற்சிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைப் பற்றி இங்கே யாரும் இழை திறந்து நான் பார்த்ததில்லை.

மேலூர் பக்கத்து வாத்தியார்

சிவா சொல்வது சரி. நான் தொழிற்கல்வி ஆசிரியர். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்த 1978 முதலே தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. அக்கவுண்டன்சியும் தணிக்கையும், அலுவலக மேலாண்மை, அடிப்படை இயந்திரவியல், மின்சாரம், நெசவும் ஆடை வடிவமைப்பும், வேளாண்மை, நர்சிங் என்று பிரிவுகள் உண்டு. மார்க் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடம் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை மாற்ற முடியாமல் எங்களுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

திருநகர் அம்மாவுக்கு உபயோகமான விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையை அனுப்புவது சுலபம். அங்கே அவனுக்கு என்ன வேலை என்று முன்கூட்டியே பேசுவதுதான் கஷ்டம். ஒரு வருஷம் ஒரு பையனை ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் விட்டிருந்தோம். நான் பார்க்கப் போனபோது அவன் டீ வாங்கப் போயிருந்தான். முதல் நாளிலிருந்து அதுதான் வேலை. கடைக்காரர் கெட்டவர் இல்லை. "சார், என்ன சொல்லிக்கொடுக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார். அவர் கேட்டது நியாயம். அங்கேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம்: பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பார்ப்பது, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது, ஒரு ஹெட்லைட் கனெக்ஷனை முழுசாக ஒருமுறை பிரித்து மாட்டுவது. மூன்றே மூன்று வேலை. அதற்கப்புறம் அந்தக் கடையில் டீ வாங்கப் போனது அவர் தம்பி.

அதிலிருந்து தாள் எழுதாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. கூடவே இன்னும் சில விஷயங்களை நேரில் போய்ப் பார்த்துவிடுவேன். கழிப்பறை இருக்கிறதா, பெண் பிள்ளை என்றால் அங்கே வேறு பெண்கள் வேலை பார்க்கிறார்களா, சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவார்கள், ஊருக்குத் திரும்ப பஸ் இருக்கிறதா. கடைசிக் கேள்வியில்தான் பாதி இடம் அடிபட்டுப் போகும்.

அண்ணா நகர் வக்கீல்

வயதைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016-இல் திருத்தினார்கள். 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. சம்பளம் கொடுக்கவில்லை என்று தப்பிக்க முடியாது, வேலை செய்ய விடுவதே குற்றம். முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டும். 14 முதல் 18 வரை உள்ளவர்கள் சுரங்கம், தீப்பற்றும் பொருள், வெடிபொருள், ஆபத்தான செயல்முறைகள் இருக்கும் இடங்களில் கூடாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பள்ளி விட்ட பிறகோ விடுமுறையிலோ சொந்தக் குடும்பத்துத் தொழிலில் பிள்ளை ஒத்தாசை செய்யலாம், தொழில் ஆபத்தானதாக இல்லாவிட்டால். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், அப்புறம் அப்பாவின், அம்மாவின் உடன்பிறந்தவர்கள். ஆக உங்கள் கொழுந்தனார் ஆபீஸ் சட்டப்படிக்கும் பாதுகாப்பான இடம்!

அச்சகத்துக்குப் போவதென்றால், பார்ப்பதும் கேட்பதும் எழுதுவதும் மட்டும்தான், உற்பத்தி வேலையில் கை வைக்க மாட்டாள் என்று பள்ளியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள். பொறுப்பாசிரியர் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்க வேண்டும். பள்ளி அதைத் தர மறுத்தால், அனுப்பாதீர்கள். அல்லது 14 முடிந்த பிறகு மே மாதத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பழங்காநத்தம் பெரியவர்

வக்கீல் தம்பி சொன்ன விதிவிலக்கைப் படித்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் நான் படித்திருக்கிறேன். கிராமத்துத் தொடக்கப் பள்ளி. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். மீதிப் பொழுதுக்கு வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று பெயர் வைத்து நாடே எதிர்த்தது, 1954-இல் காமராசர் வந்ததும் அது போனது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வண்டி மாடு. நான் மதியம் சாணி அள்ளினேன். என் வகுப்பில் கணக்குப்பிள்ளை மகன் மதியமெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதினான்.

இப்போது இந்த அம்மாவின் பள்ளி செய்வதும் சுற்றி வளைத்து அதேதான். இடத்தை நீயே தேடிக்கொள் என்றால் ஆடிட்டர் வீட்டுப் பிள்ளை ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகும், டாக்டர் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும், சைக்கிள் கடைக்காரர் பிள்ளை சைக்கிள் கடைக்கே போகும். யாரும் சாதி பார்க்கவில்லை, திட்டமும் போடவில்லை. ஆனாலும் பிள்ளை போய் நிற்கும் இடம் அப்பன் நிற்கும் இடம்தான்.

விளாங்குடி

தாத்தா சரியாகப் பிடித்தார். 2020 தேசியக் கல்விக் கொள்கையில் இது அப்படியே இருக்கிறது. 6 முதல் 8 வகுப்புக்குள் பத்து நாள் பை இல்லாமல் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் என்று அவர்களிடம் பிள்ளைகள் போய்ப் பழக வேண்டுமாம். குயவரிடம் ஆடிட்டர் பிள்ளை போகுமா, குயவர் பிள்ளை ஆடிட்டரிடம் போகுமா? அதை யாரும் எழுதவில்லை. கொல்லைப்புற வழியாகக் குலக்கல்வி.

டி.கல்லுப்பட்டி

பெரியவரே, எங்கள் ஊரையும் சேர்த்துப் பேசுங்கள். இங்கே காந்தி நிகேதன் ஆசிரமம் 1940-இல் தொடங்கியது. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் எங்கள் ஊரில்தான் இருந்தார். 1937-இல் வார்தாவில் காந்தி பேசிய ஆதாரக் கல்வியில் எல்லாப் பிள்ளையும் நூற்க வேண்டும், எல்லாப் பிள்ளையும் தோட்டத்தில் இறங்க வேண்டும். ஐயர் வீட்டுப் பிள்ளையும் கழிப்பறை கழுவ வேண்டும். வேலை பள்ளிக்கூடத்துக்குள் இருந்தது, வீட்டில் இல்லை. ராஜாஜி திட்டத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. கையால் வேலை செய்யச் சொல்வது தப்பு இல்லை. யாரை எந்த வேலைக்கு அனுப்புகிறோம் என்பதில்தான் தப்பு வருகிறது.

விளாங்குடி

அது நடைமுறையில் எத்தனை பள்ளியில் நின்றது?

டி.கல்லுப்பட்டி

நிற்கவில்லை. அதனால் அது தப்பு என்று ஆகிவிடாது.

நெறியாளர்

இரண்டு பேரும் இத்துடன் விடுங்கள். கல்விக் கொள்கைக்குத் தனி இழை ஓடுகிறது. இங்கே அந்த அம்மா கேட்டது அச்சகம்.

கப்பலூர் லேத்

நான் பேசலாமா? கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்ன யூனிட், இரண்டு லேத், ஒரு மில்லிங். வருஷா வருஷம் பெற்றோர் வருவார்கள். "சார், ஒரு சர்டிபிகேட் மட்டும் கொடுங்க, பையன் வரமாட்டான்" என்பார்கள். எந்தப் பள்ளியிலிருந்தும் ஒரு ஆசிரியர் இதுவரை வந்ததில்லை. மேலூர் சார் மாதிரி ஒருத்தர் வந்து தாள் எழுதியிருந்தால் நான் உட்கார வைத்துக் காபி கொடுத்திருப்பேன்.

பதினெட்டு முடியாத பிள்ளையை லேத் பக்கத்தில் விடமாட்டேன். இரும்பைப் பிடித்துச் சுற்றும் சக் ஓடும்போது சட்டைக் கை மாட்டினால் ஒரு நொடிதான். வக்கீல் சார் சொன்ன அபராதம் கிடக்கட்டும், அந்தப் பிள்ளையின் விரலுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் பட்டறையில் மெஷினைத் தவிரவும் வேலை இருக்கிறது. போன வருஷம் கம்பெனி ஆடிட்டிங்குக்கு வந்த ஒருவர், பத்தாம் வகுப்பு முடித்த தன் மகனைக் கொண்டுவந்து விட்டார். அவனிடம் ஒரு வெர்னியர் அளவுகோலையும் ரிஜெக்ட் ஆன புஷ் (சின்ன உருளை வளையம்) ஒரு டப்பாவையும் கொடுத்தேன். எல்லாம் விட்டம் 25 எம்எம் இருக்க வேண்டியவை. "எது தப்பு, ஏன் தப்புன்னு கண்டுபிடி" என்றேன். அரை மணியில் வந்து, "எல்லாம் சரியா இருக்கு அங்கிள், நீங்க ஏன் ரிஜெக்ட் பண்ணீங்க?" என்று கேட்டான். ஒவ்வொன்றையும் ஒருமுறை பிடித்து அளந்திருக்கிறான். "அப்படியே கால் சுத்து திருப்பி அளந்து பாரு" என்றேன். ஒரு பக்கம் 25.00, திருப்பினால் 24.90. வட்டம் இல்லை, முட்டை. பையன் அந்த டப்பாவை மறுபடியும் முதலிலிருந்து அளந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. வட்டம் என்றால் எல்லாப் பக்கமும் விட்டம் ஒன்று என்று அவன் புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் அதை நம்பினான் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்கும் அரை நாள் போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டெலிவரி நெருக்கடி இருக்கும் வாரத்தில் யார் வந்தாலும் ஓரமாக உட்காரத்தான் சொல்வேன். தேதியை என்னிடம் கேட்டுவிட்டு வைத்தால் நல்லது.

லெஸ்டர் மதுரைக்காரி

இங்கே இங்கிலாந்தில் இருக்கிறேன், பிறந்தது சிம்மக்கல். இங்கே இதற்கு ஒர்க் எக்ஸ்பீரியன்ஸ் என்றே பெயர். பத்தாம் ஆண்டில், 14 அல்லது 15 வயதில், ஒரு வாரமோ இரண்டு வாரமோ போவார்கள். 2012 வரை 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு வேலை சார்ந்த கற்றலைத் தருவது பள்ளிகளின் சட்டக் கடமை. தொழிற்கல்வி பற்றி 2011-இல் வந்த உல்ஃப் அறிக்கை, 16 வயதுக்கு மேல் நீண்ட பயிற்சி கொடுப்பதுதான் முக்கியம் என்றது, அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. 2020-இல் டி-லெவல் என்று 16 வயதுக்கு மேல் ஒரு படிப்பு கொண்டுவந்தார்கள், அதில் குறைந்தது 315 மணி நேரம் ஒரு முதலாளியிடம் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும்.

என் மகன் பள்ளியில் படிவம் நீளமாக இருந்தது. முதலாளிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, ஆபத்து என்னென்ன, யார் மேற்பார்வை என்று எல்லாம் எழுத வேண்டும். நடு வாரத்தில் ஆசிரியர் போன் செய்து அவனோடும் பேசினார், முதலாளியோடும் பேசினார். அந்தளவுக்கு ஒழுங்கு. ஆனால் பெரியவர் சொன்ன சமாச்சாரம் இங்கேயும் அப்படியே இருக்கிறது. இடத்தை வீட்டிலேயே தேடச் சொல்வார்கள். வக்கீல் பிள்ளைகள் வக்கீல் அலுவலகம், எங்களை மாதிரி வந்தேறிகளின் பிள்ளைகள் மாமா கடை, சித்தி கடை. என் மகன் ஒரு தர்ம ஸ்தாபனக் கடையில் பழைய துணி பிரித்தான். அவனுக்குப் பிடித்திருந்தது, அது வேறு.

பதினொன்று பி

நான் இப்போ தொழிற்கல்விதான் படிக்கிறேன், ஆடை வடிவமைப்பு. பதினொன்னு படிச்சப்போ பொங்கல் லீவு முடிந்ததும் எங்களை அனுப்பினார்கள். நானும் என் ஃப்ரண்டும் போனது தையல் கடை, முன்னே புதுமண்டபத்தில் இருந்து இப்போ குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் போடுறவங்க துணி தைப்பாங்க. பெரிய தாத்தா ஒருத்தர், கண்ணாடி மூக்கு நுனியில இருக்கும்.

நாங்க முதல் நாள் வெல்வெட் துணியை வெட்ட மடிச்சோம், துணி வீணாகாமல் ஒண்ணை இப்படி ஒண்ணை அப்படி வெச்சு. புக்ல அப்படித்தான் இருக்கும். தாத்தா கத்தரிக்கோலைப் பிடுங்கிட்டார். "தடவிப் பாரு" என்றார். மேலிருந்து கீழே தடவினா வழவழ, கீழிருந்து மேலே தடவினா சொரசொர. ரெண்டு துண்டை எதிரெதிரா வெட்டித் தைச்சா வெயில்ல ஒண்ணு கருஞ்சிவப்பா தெரியும், ஒண்ணு வெளுத்துத் தெரியும். ஒரே துணிதான், ஆனா வேற வேற மாதிரி. அவர் ஒரு பழைய தொப்பியை எடுத்து வெளிச்சத்துல காட்டினார், அப்படித்தான் இருந்தது. யாரோ தப்பா வெட்டினது, வெச்சிருக்கார் காட்டுறதுக்காகவே.

எனக்கு மூணு குல்லாவுக்கு ஜரிகை வெச்சுத் தைக்க விட்டார். அழகர் ஆத்துல இறங்கின அன்னைக்குக் கூட்டத்துல அதைத் தேடினேன், கண்டுபிடிக்க முடியல.

ஒரு குறை மட்டும். ரெகார்ட் நோட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி டிக்டேட் பண்ணாங்க. வெல்வெட் பத்தி எழுதினேன், "சிலபஸ்ல இல்ல" என்று அடிச்சிட்டாங்க.

மேலூர் பக்கத்து வாத்தியார்

தங்கச்சி, அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திரு. வேலைக்குப் போகும்போது நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

நரிமேடு அப்பா

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. ஐந்து நாளில் ஒரு ரிவிஷன் முடியும்.

செல்லூர் சிவா

அண்ணே, காலாண்டு லீவில் உங்கள் வீட்டில் ரிவிஷன் நடக்கிறதா? எந்தத் தெய்வம் கும்பிடுகிறீர்கள்?

திருநகர் அம்மா

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் சார் சொன்னதை பிரின்சிபலிடம் அப்படியே சொன்னேன். கடிதம் தருகிறோம் என்றார்கள், இன்னும் கைக்கு வரவில்லை. அச்சகம் யாருக்காவது தெரியுமா?

ஆஃப்செட்

நம்மிடம் வரச் சொல்லுங்கள், வடக்கு மாசி வீதிக்குப் பக்கம். காலாண்டு லீவு புரட்டாசியில் வரும். கல்யாணம் இல்லாத மாசம் என்று சும்மா இருக்கும் என நினைக்காதீர்கள், ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகை எல்லாம் அப்போதுதான் வரும். காலண்டர் ஆர்டரும் சேர்ந்துகொள்ளும். கட்டிங் மெஷின் பக்கம் போகக் கூடாது, அது என் கண்டிஷன். மற்றபடி ஒரு பத்திரிகை வாட்ஸப்பில் வருவதிலிருந்து பண்டல் கட்டும்வரை கூடவே இருந்து பார்க்கட்டும். லென்ஸ் தருகிறேன், நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நாலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஓரத்துக் குறியைப் பார்த்துச் சொல்லட்டும். புரூஃப் பார்க்கத் தெரியுமா? தாய்மாமன் பெயரை விட்டுவிட்டு அச்சடித்தால் என்ன ஆகும் என்று இங்கே வந்தால் தெரியும்.

வேலை வாங்க மாட்டேன். என் அம்மாவும் மனைவியும் பைண்டிங்கில்தான் இருப்பார்கள்.

பழங்காநத்தம் பெரியவர்

ஒரு யோசனை. அந்தப் பிள்ளை அச்சகத்துக்குப் போய்விட்டால் ஆடிட்டர் சித்தப்பா ஆபீஸில் ஒரு நாற்காலி காலிதானே?

மேலூர் பக்கத்து வாத்தியார்

பெரியவரே, நானும் அதைத்தான் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் பள்ளியில் அக்கவுண்டன்சியும் தணிக்கையும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லாம் பதினாறு வயது முடிந்தவர்கள். பெயரில்தான் தணிக்கை, ஒரு ஆடிட்டர் ஆபீஸின் வாசல்படியை மிதித்ததில்லை. மளிகைக் கடையிலும் உரக் கடையிலும்தான் இடம் கிடைக்கிறது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் எப்படிப் போடுகிறார்கள் என்று ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும். ஆனால் எங்கள் பயிற்சி உங்கள் லீவில் வராது, தேதி வேறு.

விளாங்குடி

இதைத்தான் நான் கேட்டேன், குயவர் பிள்ளை ஆடிட்டரிடம் போகுமா என்று. ஒரு ஆபீஸ் வழிவிட்டால் போதாது, பள்ளிக்கூடம்தான் இடத்தைக் கையில் வைத்துக் குலுக்கிப் போட வேண்டும். அப்பா, சித்தப்பா, மாமா இடம் யாருக்கும் கிடையாது என்று ஒரே ஒரு விதி.

அண்ணா நகர் வக்கீல்

14 முடியாத பிள்ளைக்கு அந்த விதி போட்டால், சட்டம் அனுமதிக்கும் குடும்பத்து இடத்தையும் அடைத்ததாகிவிடும். பதினொன்றாம் வகுப்புக்குப் போடுங்கள், நான் கைதட்டுகிறேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பார்வையிடல் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருநகர் அம்மா

கொழுந்தனாரிடம் கேட்டேன். முதலில் "க்ளையண்ட் பேப்பர் எல்லாம் இருக்கும் அண்ணி, வெளிப் பிள்ளைகளை எப்படி விடுறது?" என்றார். "உங்க அண்ணன் மகளை விடுறதா இருந்தீங்களே, அவ மட்டும் பேப்பரைப் பார்க்காம கண்ணை மூடிக்கிட்டா இருப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இரண்டு பேர் என்றால் சரி, மார்ச் நெருக்கடிக்கு முன்னால் வர வேண்டும், மேலூர் சார் முதலில் நேரில் வந்து பேச வேண்டும் என்றார். சார், நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

மேலூர் பக்கத்து வாத்தியார்

வந்துவிட்டது அம்மா. சனிக்கிழமை போகிறேன். அவர் ஆபீஸ் இருக்கும் தெருவிலிருந்து மாட்டுத்தாவணிக்கு ஆறு மணிக்குப் பிறகு பஸ் எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆஃப்செட்

திருநகர் அம்மா, பிள்ளை வரும்போது துப்பட்டா வேண்டாம், தலைமுடியைப் பின்னிக் கட்டி, ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். மை பட்டால் போகாது, பழைய சுடிதார் போதும். கடிதம் கைக்கு வந்ததும் முதலில் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், அது இல்லாமல் உள்ளே விடமாட்டேன்.

கப்பலூர் லேத்

அச்சகம் முடிந்து அவளுக்கு இன்னும் பட்டறை ஆசை இருந்தால் மே மாதம் வரட்டும். 14 முடிந்திருக்கும். புஷ் டப்பாவை வைத்திருக்கிறேன்.